குரூப் சேருது, கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்: என் கிட்னிய மனைவிக்குக் குடுக்கவே முடியாதா?

நீலவானம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு நானே கேக்க வேண்டிய நெலமை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என் மனைவிக்கு 38 வயசு. ஐஜிஏ நெஃப்ரோபதின்னு ஒரு கிட்னி வியாதி சொன்னாங்க, நாலு வருஷம் மருந்துலயே ஓட்டுனோம், அப்புறம் ரெண்டு கிட்னியும் கைவிட்டுடுச்சு. 14 மாசமா வாரத்துக்கு மூணு டயாலிசிஸ். அவளும் ஓ பாசிட்டிவ், நானும் ஓ பாசிட்டிவ், எனக்கு சுகர் இல்ல பிரஷர் இல்ல, ஸ்கேன்லயும் எல்லாம் சரியா இருக்கு, அதனால நான்தான் டோனர்னு முதல் நாள்லேர்ந்தே வீட்ல முடிவாயிடுச்சு, வேற யாரையும் நாங்க யோசிக்கவே இல்ல.

போன வாரம் கிராஸ்மேட்ச் ரிப்போர்ட் வந்துச்சு, என் செல்லோட அவ ரத்தத்தச் சேத்துப் பாக்கற டெஸ்ட். பாசிட்டிவ். டாக்டர் நல்லவர்தான், ஆனா வெளிய கூட்டம், அஞ்சு நிமிஷத்துல "உங்களுக்கு எதிரா அவங்க ஒடம்புல ஏற்கெனவே ஆன்டிபாடி இருக்கு, வேற டோனர் கெடைக்குமான்னு பாருங்க, இல்லன்னா ஆன்டிபாடிய கொறைச்சிட்டுப் பண்ணலாம், ஆனா ரிஸ்க்கு"ன்னு சொல்லிட்டாரு. வெளிய வந்ததும்தான் கேக்க வேண்டியதெல்லாம் ஞாபகம் வருது.

ரிப்போர்ட்ல இருக்கறத அப்படியே போடறேன். சிடிசி கிராஸ்மேட்ச் டி செல் நெகட்டிவ், பி செல் நெகட்டிவ். ஃப்ளோ கிராஸ்மேட்ச் டி செல் பாசிட்டிவ், பி செல் பாசிட்டிவ். அதுக்குக் கீழ டிஎஸ்ஏன்னு போட்டு ஏ24 எம்எஃப்ஐ 4,200, டிக்யூ7 எம்எஃப்ஐ 9,800. சிபிஆர்ஏ 78 சதவீதம்.

எங்களுக்கு ரெண்டு பசங்க, நடுவுல ஒண்ணு மூணாவது மாசத்துல கலைஞ்சிடுச்சு. டயாலிசிஸ் ஆரம்பிச்ச புதுசுல ஹீமோகுளோபின் ரொம்ப எறங்கி ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துனாங்க.

அன்னிக்கு ராத்திரி அவ கேட்டா, "உங்க பிள்ளைங்கள சுமந்ததாலயா உங்க கிட்னிய என் ஒடம்பு வேணாங்குது?" எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

மூணு கேள்வி. ஒண்ணு, அவ சொன்னது நெஜமா? ரெண்டு, சிடிசி நெகட்டிவ்னு இருக்கும்போது துணிஞ்சு பண்ணா கிட்னி எவ்வளவு நாள் தாங்கும்? மூணு, ஆன்டிபாடிய கொறைக்கறதுன்னா என்ன பண்ணுவாங்க, அனுபவப்பட்டவங்க இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.


லேப்_மேசை:

அண்ணா, நான் எச்எல்ஏ லேப்ல 11 வருஷமா வேலை பாக்கறேன். ட்ரீட்மென்ட் முடிவு சொல்ற எடத்துல நான் இல்ல, ஆனா ரிப்போர்ட்ட எப்படி வாசிக்கறதுன்னு சொல்ல முடியும்.

முதல்ல அண்ணி கேட்டதுக்கு. ஆமா, அப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். நம்ம ஒடம்புல பெரும்பாலான செல் மேல எச்எல்ஏன்னு ஒரு அடையாளம் இருக்கும், பாதி அப்பாகிட்டேர்ந்து பாதி அம்மாகிட்டேர்ந்து வர்றது. வயித்துல வளர்ற பிள்ளைகிட்ட உங்க பக்கத்துப் பாதி இருக்கும், அது அவங்க ஒடம்புக்குப் புதுசு. பிள்ளையோட செல் கொஞ்சம் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலக்கும், பிரசவத்தப்போ இன்னும் அதிகமா. அந்த அடையாளத்த அவங்க ஒடம்பு பாத்து வச்சிக்கிட்டு அதுக்கு ஆன்டிபாடி செஞ்சு வச்சிடுது. பிள்ளைக்கு அதனால ஒண்ணும் ஆகல, அவங்களுக்கும் இத்தன வருஷம் ஒண்ணும் தெரியல. இப்ப அதே அடையாளத்தோட ஒரு கிட்னி வருதுன்னதும் பழைய ஞாபகம் முழிச்சிக்குது. ரத்தம் ஏத்துனதும் அந்த ஞாபகத்தக் கிளறி விட்டிருக்கலாம்.

அண்ணிகிட்ட இதையும் சொல்லுங்க. எச்எல்ஏங்கற விஷயத்தையே உலகம் தெரிஞ்சிக்கிட்டது இந்த மாதிரி அம்மாங்களாலதான். 1958ல அமெரிக்காவுல ரோஸ் பெய்ன், நெதர்லாந்துல யோன் வான் ரூட், ரெண்டு பேரும் தனித்தனியா, பிள்ளை பெத்த பொம்பளைங்க ரத்தத்துல அடுத்தவங்க வெள்ளணுவைத் தாக்குற ஆன்டிபாடி இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் பிரான்ஸ்ல ஜான் டோசே, பல தடவ ரத்தம் ஏத்துனவங்க சீரத்த (ரத்தத்தோட நீர்ப்பகுதி) வச்சு முதல் எச்எல்ஏ அடையாளத்தக் கண்டுபிடிச்சாரு, 1980ல அவருக்கு நோபல் கெடச்சது. அதுக்கப்புறம் பல வருஷம் லேப்ல டைப்பிங், அதாவது ஒருத்தருக்கு எந்த எச்எல்ஏ இருக்குன்னு பாக்கறது, அதுக்கு ரீஏஜென்ட்டே அம்மாங்க சீரம்தான். அண்ணி ஒடம்பு ஒரு அம்மாவோட ஒடம்பு செய்ற வேலையத்தான் செஞ்சிருக்கு.

இப்ப ரிப்போர்ட். சிடிசின்னா என்னன்னு கண்ணால பாத்த மாதிரி சொல்றேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதுல சின்னச் சின்னக் குழி. ஒவ்வொரு குழிலயும் அவங்க சீரம் ஒரு மைக்ரோலிட்டர், மேல காயாம இருக்க எண்ணெய், அதுக்குள்ள உங்க வெள்ளணு. கொஞ்ச நேரம் விட்டுட்டு முயல் சீரத்துலேர்ந்து வர்ற காம்ப்ளிமென்ட்ங்கற தாக்குற புரதத்த சேப்போம். ஆன்டிபாடி போதுமான அளவு உங்க செல் மேல ஒட்டியிருந்தா காம்ப்ளிமென்ட் அந்த செல்லத் தொளைச்சிடும். அப்புறம் சாயம். உயிரோட இருக்கற செல் மின்னிக்கிட்டு இருக்கும், செத்தது சாயத்தக் குடிச்சுக் கருத்து ஊதிப்போய் கெடக்கும். மைக்ராஸ்கோப்புல பாத்து எவ்வளவு செத்திருக்குன்னு மார்க் போடுவோம், 1னா கிட்டத்தட்ட எல்லாம் உயிரோட, 8னா 80 சதவீதத்துக்கு மேல காலி. 8 வந்த குழியப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயித்தக் கலக்கும், ஏன்னா கிட்னிக்குள்ள இருக்கற ரத்தக்குழாய் சுவருக்கும் அதேதான் நடந்திருக்கும்.

இந்த டெஸ்ட் ஏன் கட்டாயமாச்சுன்னா, 1969ல பட்டேல், டெரசாகி ரெண்டு பேரும் 225 ட்ரான்ஸ்பிளான்ட்டப் பாத்து எழுதுனாங்க. கிராஸ்மேட்ச் பாசிட்டிவா இருந்தும் பண்ண 30 பேர்ல 24 பேருக்கு கிட்னி ஒடனே போச்சு, நெகட்டிவா இருந்த 195 பேர்ல 8 பேருக்குத்தான் அப்படி ஆச்சு. ஹைப்பர்அக்யூட் ரிஜெக்ஷன்னு பேரு. ரத்தக்குழாய் சேத்து கிளாம்ப எடுத்ததும் ரோஜா நெறத்துல வர வேண்டிய கிட்னி கொஞ்ச நேரத்துலயே நீலம் பாஞ்சு தளர்ந்துடும், உள்ள ரத்தம் உறைஞ்சிடும். கிராஸ்மேட்ச் வந்ததுக்கப்புறம் இது ரொம்ப ரொம்ப அபூர்வமாயிடுச்சு.

உங்க கேஸ்ல சிடிசி நெகட்டிவ். அதனால டேபிள்லயே போயிடுங்கற பயம் ரொம்பவே கம்மி. ஆனா ஃப்ளோ பாசிட்டிவ், அதாவது செல்லக் கொல்ற அளவுக்கு இல்லன்னாலும் ஆன்டிபாடி உங்க செல் மேல போய் ஒட்டுது. அது எந்த அடையாளத்துக்கு எதிரான்னு கீழ டிஎஸ்ஏன்னு (டோனருக்கு எதிரான ஆன்டிபாடி) போட்டு எழுதியிருக்கு, ஏ24ம் டிக்யூ7ம். அந்த ரெண்டு எச்எல்ஏ அடையாளமும் உங்ககிட்ட இருக்கு, அவங்ககிட்ட இல்ல. எச்எல்ஏல ரெண்டு வகை உண்டு. ஏ24 கிளாஸ் ஒன்னு, அதனால டி செல், பி செல்ங்கற ரெண்டு வகை வெள்ளணுலயும் தெரியும். டிக்யூ7 கிளாஸ் ரெண்டு, பி செல்ல மட்டும் தெரியும். ரிப்போர்ட் ஒண்ணுக்கொண்ணு சரியா ஒத்துப்போகுது, அதனால இத ஏதோ லேப் கோளாறுன்னு நெனைக்க வேணாம்.

எம்எஃப்ஐ பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், எல்லாரும் சுகர் அளவு மாதிரி இதப் பாக்கறாங்க. அது டெஸ்ட்ல வர்ற எச்எல்ஏ பூசுன குட்டிக் குட்டி மணி மேல ஒட்டுன ஆன்டிபாடியோட ஒளி எவ்வளவுங்கற கணக்கு, ரத்தத்துல எத்தன கிராம் இருக்குங்கற அளவு கெடையாது. லேப் மாறுனா நம்பர் மாறும், ஒரே லேப்லயே வேற நாள் வேற வரும். சில சமயம் ஆன்டிபாடி மட்டுமீறி இருந்தாலும் நம்பர் கொறைச்சலா காட்டும், சீரத்த நீர்த்துப் போட்டாதான் உண்மை தெரியும். அதனால ஒரு 9,800ஐ வச்சு ராத்திரி முழிச்சிருக்காதீங்க. ஒரே லேப்ல திரும்பத் திரும்ப எடுத்து ஏறுதா எறங்குதான்னு பாக்கறதுதான் உபயோகம்.


இரண்டாவது_கிட்னி:

நீலவானம் சார், மூணாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா அதுக்குள்ள போயிட்டு வந்தவன்.

முதல் கிட்னி எங்கம்மா குடுத்தது, 9 வருஷம் ஓடுச்சு. அது போனப்போ நான் அப்ப பாத்துட்டு இருந்த எடத்துல "இனி இந்த மாத்திரையெல்லாம் எதுக்கு"ன்னு ரிஜெக்ஷனத் தடுக்கற மாத்திரை எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்திட்டாங்க. ரெண்டாவது ட்ரான்ஸ்பிளான்ட் வரும்னு தெரிஞ்சவங்களுக்கு அப்படி ஒரே அடியா நிறுத்துனா ஆன்டிபாடி ஏறும்னு எனக்கு அப்ப தெரியாது, சொல்லவும் ஆள் இல்ல. ஒரு வருஷத்துல சிபிஆர்ஏ, அதாவது எத்தன சதவீதம் டோனருக்கு எதிரா ஆன்டிபாடி இருக்குங்கற கணக்கு, 94க்குப் போயிடுச்சு. கிட்னி போச்சுன்னு டயாலிசிஸ்க்குத் திரும்புறவங்க யாராவது இத வாசிச்சா, தயவுசெஞ்சு மாத்திரைய எப்படி நிறுத்தறதுன்னு உங்க டாக்டர்கிட்ட தனியா உக்காந்து பேசுங்க, இது எனக்கு இன்னும் ஆறாத வலி.

ரெண்டாவது என் அக்கா குடுத்தாங்க. உங்களுது மாதிரியே சிடிசி நெகட்டிவ், ஃப்ளோ பாசிட்டிவ், ஒரு டிஎஸ்ஏ. ஆபரேஷனுக்கு முன்னாடி பி செல்ல அழிக்கற ரிட்டுக்ஸிமாப் ஒரு டோஸ், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் (ரத்தத்தோட நீர்ப்பகுதிய எடுத்துட்டு வேற மாத்தறது) அஞ்சு தடவ, ஒவ்வொண்ணு முடிஞ்சதும் கொஞ்சமா ஐவிஐஜி, அதாவது ரத்ததானம் பண்ணவங்ககிட்டேர்ந்து எடுத்த ஆன்டிபாடி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏன்னு கேட்டேன், ஆன்டிபாடி பாதிக்கு மேல ரத்தக்குழாய்க்கு வெளிய திசுக்குள்ள தங்கியிருக்குமாம், நீங்க ரத்தத்துல இருக்கறத வடிகட்டுனா உள்ள இருக்கறது மெதுவா வெளிய வந்து நெரப்பும், அதனால விட்டு விட்டு எடுக்கணும்.

பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் டயாலிசிஸ் மாதிரிதான் இருக்கும், ஆனா ஆரம்பிச்ச அரை மணில உதட்டச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி ஒரு சுரசுரப்பு, வெரல் நுனி மரக்கும். ரத்தம் உறையாம இருக்கப் போடற சிட்ரேட் கால்சியத்தப் புடிச்சிக்கறதால வர்றது, சொன்னா கால்சியம் குடுப்பாங்க, வாய மூடிட்டு சகிச்சிக்க வேணாம். குளிரும், கம்பளி எடுத்துட்டுப் போங்க.

அஞ்சாவது முடிஞ்சப்போ ஃப்ளோ நெகட்டிவ் ஆச்சு, ஆபரேஷன் ஆச்சு, கிட்னி டேபிள்லயே யூரின் விட்டுச்சு. எட்டாவது நாள் கிரியேட்டினின் (கிட்னி சுத்தம் பண்ணலன்னா ரத்தத்துல ஏறுற கழிவு) 1.3லேர்ந்து 2.6. பயாப்ஸில ஆன்டிபாடி ரிஜெக்ஷன். கண்ணாடித் துண்டுல சி4டின்னு ஒரு சாயம், சின்ன ரத்தக்குழாய் ஓரமெல்லாம் வளையம் வளையமா புடிச்சிருந்துச்சுன்னு டாக்டர் வரைஞ்சு காட்டுனாரு. ஆன்டிபாடி திரும்பி வந்துடுச்சு. மறுபடி எக்ஸ்சேஞ்ச், மறுபடி ஐவிஐஜி, மூணு வாரம் ஆஸ்பத்திரி. தப்பிச்சுது.

இப்ப ஆறு வருஷம், கிரியேட்டினின் 1.7. சராசரியா பாத்தா எனக்கு இன்னும் எத்தன வருஷம்னு நான் கேக்கறதில்ல. டயாலிசிஸ் இல்லாம ஆறு வருஷம் என் பொண்ணு வளர்றத பக்கத்துலயே இருந்து பாத்துட்டேன். திரும்பக் கேட்டாலும் பண்ணிக்குவேன். ஆனா அதுக்கு முன்னாடி வேற வழி எல்லாத்தையும் தட்டிப் பாத்திருப்பேன், அத நாங்க செய்யல.


நெஃப்ரோ_வாசகி:

நான் நெஃப்ராலஜி படிச்சிட்டு இருக்கற டாக்டர். ரெண்டாவது கேள்வி, எவ்வளவு நாள் தாங்கும்ங்கறதுக்கு என்னால ஆன மட்டும் நேரா சொல்றேன். ஒரு தனி ஆளுக்கு யாராலயும் வருஷம் சொல்ல முடியாது, ஆனா கூட்டமா பாத்தா வித்தியாசம் தெளிவாவே இருக்கு.

2010ல பாரீஸ்ல லெஃபோஷேர் குழு 402 பேர வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே டிஎஸ்ஏ இருந்தவங்களுக்கு எட்டு வருஷத்துல கிட்னி நெலைச்சது 61 சதவீதம். ஆன்டிபாடி இருந்தும் அது அந்த டோனருக்கு எதிரா இல்லாதவங்களுக்கு 93. ஆன்டிபாடியே இல்லாதவங்களுக்கு 84. நடுவுல இருக்கற அந்த 93ஐ கவனிங்க. ஆன்டிபாடி ஒடம்புல இருக்கறது தனியா ஒண்ணும் கெடுதல் பண்ணல, வர்ற கிட்னி மேல அது குறி வைக்குதாங்கறதுதான் எல்லாமே. உங்க மனைவிகிட்ட 78 சதவீதம் பேருக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கு, ஆனா மிச்சம் 22 சதவீதம் பேர்ல ஒருத்தரோட கிட்னி வந்தா இந்த ஆன்டிபாடியால அதுக்குப் பெருசா தொல்ல இல்ல. (அதே ஆய்வுல, இப்ப இருக்கற எம்எஃப்ஐயவிட இதுவரைக்கும் ஏறுனதுலயே உச்ச எம்எஃப்ஐதான் ரிஜெக்ஷன நல்லா முன்கூட்டிச் சொல்லிச்சு, அதனால பழைய ரிப்போர்ட் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க.)

எல்லா டிஎஸ்ஏவும் ஒரே மாதிரியும் இல்ல. 2013ல லூபி குழு 1,016 பேர்ல பாத்தது, காம்ப்ளிமென்ட்டோட முதல் கண்ணியான சி1க்யூவ ஆபரேஷனுக்கு அப்புறம் புடிக்கிற டிஎஸ்ஏ இருந்தா அஞ்சு வருஷத்துல கிட்னி நெலைச்சது 54 சதவீதம், டிஎஸ்ஏ இருந்தும் சி1க்யூவ புடிக்கலன்னா 93. அதனால சி1க்யூ டெஸ்ட் பண்ண முடியுமான்னு கேக்கலாம்.

போறதும் எப்பவும் எட்டாவது நாள் கிரியேட்டினின் குதிக்கிற மாதிரி வெளிப்படையா போறதில்ல. பல பேருக்கு மெதுவா, சத்தமே இல்லாம நடக்கும். ஆன்டிபாடி சின்ன ரத்தக்குழாயோட உள்சுவர திரும்பத் திரும்ப உரசுது, அது ஆற்றதும் புண்ணாகறதுமா தடிச்சுப்போகுது, வடிகட்டி சுவர் ரெட்டைக்கோடா மாறுது, அப்புறம் யூரின்ல புரதம் ஒழுக ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்துல புடிச்சா மருந்து பெருசா கேக்கறதில்ல, அதனாலதான் இந்த மாதிரி ட்ரான்ஸ்பிளான்ட்ல கிரியேட்டினின் நல்லா இருந்தாலும் குறிச்ச நாள்ல பயாப்ஸி பண்ணிப் பாக்கறாங்க.

இப்ப மறுபக்கம். கிட்னி கொஞ்ச வருஷம்தான் ஓடும்னே வச்சிக்கிட்டாலும் டயாலிசிஸ்ல காத்திருக்கறதவிட அது நல்லதான்னு கேக்கணும். 2011ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல மான்ட்கோமரி குழு 211 பேருக்கு ஆன்டிபாடிய கொறைச்சுப் பண்ணாங்க, எட்டு வருஷத்துல உயிரோட இருந்தவங்க 80.6 சதவீதம், அதே மாதிரி ஆளுங்க டயாலிசிஸ்லயே இருந்தா 30.5. 2016ல 22 சென்டர்ல 1,025 பேர வச்சுப் பாத்தப்பவும் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணவங்கதான் அதிக நாள் இருந்தாங்க. ஆனா 2017ல பிரிட்டன்ல 213 பேர இதே மாதிரி ஒப்பிட்டப்போ காத்திருந்தவங்களவிட ஆயுசு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. டயாலிசிஸ்ல எவ்வளவு நாள் நல்லா இருக்க முடியுது, காத்திருந்தா பொருந்துற கிட்னி எவ்வளவு சீக்கிரம் வருதுங்கறது எல்லா எடத்துலயும் ஒண்ணா இல்ல, அதனால உங்க மனைவி டயாலிசிஸ்ல எப்படி இருக்காங்கங்கறது இந்த முடிவுல பெரிய பங்கு. டயாலிசிஸ் ஊசி போட கைல செஞ்ச ரத்தக்குழாய் இணைப்பு, ஃபிஸ்டுலா, நல்லா ஓடுது, இதயம் நல்லா இருக்குன்னா கொஞ்சம் தேட நேரம் இருக்கு. ஊசி போட எடமே இல்லாம தவிக்கிறவங்களுக்கு கணக்கே வேற.

என் கருத்த ஒளிக்காம சொல்றேன், இரண்டாவது_கிட்னி சார் கோவிச்சிக்க வேணாம். ஆன்டிபாடியோட மல்லுக்கட்டறதுக்கு முன்னாடி அதச் சுத்திப் போக வழி இருக்கான்னு முதல்ல பாக்கணும். அவங்க அக்கா தங்கச்சி அண்ணன் தம்பி யாரும் இல்லையா? நீங்க அத எழுதவே இல்லையே.


நீலவானம்:

எல்லாருக்கும் கோடி நன்றி, ஒரு வாரமா யாரும் சொல்லாதத ஒரே நாள்ல சொல்லிட்டீங்க. லேப்_மேசை தம்பி, அம்மாங்க ரத்தத்துலேர்ந்துதான் கண்டுபிடிச்சாங்கன்னு நீங்க எழுதுனத அவகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, "இன்னொரு தடவ வாசிங்க"ன்னா.

டாக்டரம்மா கேட்டதுக்கு, அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கா, 34 வயசு, ஓ பாசிட்டிவ்தான். ஒரு அண்ணன், அவருக்கு சுகர், அதனால முடியாது. தங்கச்சி ஆரம்பத்துலயே "நான் தர்றேன் மாமா"ன்னு சொன்னா, நான்தான் இருக்கேனே, சின்னப் பிள்ளை வச்சிருக்கா, அவள எதுக்குன்னு நான் மறுத்துட்டேன். என் மனைவிக்கு என் மேல வந்த ஆன்டிபாடி அவ தங்கச்சி மேலயும் வேலை செய்யுமா? அப்புறம் ஜோடி மாத்திக்கறதுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுல எங்களுக்கு எடம் இருக்கா?


லேப்_மேசை:

தங்கச்சிய கண்டிப்பா டைப்பிங் பண்ணுங்க அண்ணா. எச்எல்ஏ ஆறாவது குரோமோசோம்ல ஒரே கொத்தா இருக்கு, பெரும்பாலும் கொத்தோட கொத்தா எறங்கும். கூடப் பொறந்தவங்கள்ள நாலுல ஒருத்தருக்கு ரெண்டு கொத்தும் அப்படியே பொருந்தும், ரெண்டு பேருக்குப் பாதி பொருந்தும், ஒருத்தருக்கு ஒண்ணும் பொருந்தாது. ரெண்டு கொத்தும் ஒண்ணா இருந்தா அண்ணிக்கு இருக்கற எந்த எச்எல்ஏ ஆன்டிபாடியும் தங்கச்சி கிட்னியத் தொடாது, ஏன்னா தன்னோட அடையாளத்துக்கே ஒடம்பு ஆன்டிபாடி செய்றதில்ல. பாதி பொருந்துனாலும் மிச்சப் பாதில ஏ24, டிக்யூ7 மாதிரி அண்ணி வேணாங்கற அடையாளம் எதுவும் இல்லன்னா போதும். ரத்தம் எடுத்து நேரடி கிராஸ்மேட்ச் போடறதுக்கு முன்னாடியே அண்ணியோட ஆன்டிபாடி பட்டியலையும் தங்கச்சி டைப்பிங்கையும் பக்கத்துல வச்சுப் பாத்தே பெரும்பாலும் சொல்லிடலாம், விர்ச்சுவல் கிராஸ்மேட்ச்னு பேரு. தங்கச்சிக்கு அந்த ரெண்டும் தற்செயலா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால பாக்காம நம்பிடவும் வேணாம்.

தங்கச்சி கிட்ட தனியா, யாரும் பக்கத்துல இல்லாம ஒரு தடவ பேசுங்க, இல்ல டோனருக்குன்னு இருக்கற ஆலோசகர பேசச் சொல்லுங்க. "வேணாம்"னு சொல்ல அவங்களுக்கு எடம் இருக்கணும்.


சுத்திவந்த_கிட்னி:

நானும் என் வீட்டுக்காரரும் இதே கதை. அவரு ஓ, நானும் ஓ, எனக்கு மூணு பிள்ளை, கிராஸ்மேட்ச் பாசிட்டிவ். ஜோடி மாத்துற பட்டியல்ல சேந்தோம், ஏழு மாசத்துல வந்துச்சு. அவரு கிட்னி வேற ஒரு அம்மாவுக்குப் போச்சு, அந்தம்மாவோட மகன் கிட்னி எனக்கு வந்துச்சு, ஒரே நாள் காலைல நாலு ஆபரேஷன் தியேட்டர். எனக்கு வந்ததுல என் ஆன்டிபாடி குறி வைக்கிற அடையாளம் ஒண்ணுமே இல்ல, பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் ஒண்ணு கூட வேண்டியிருக்கல.

நீலவானம் அண்ணா, நீங்க ஓ குரூப்பா இருக்கறது பெரிய பலம். இந்தப் பட்டியல்ல வர்ற ஜோடிங்க நெறைய பேரு குரூப் சேராம வர்றவங்க, அதுல ஓ டோனர் கம்மி, எல்லாருக்கும் தேவை ஓ. அதனால உங்க ஜோடிய சேத்துக்க ஆசையாத்தான் இருப்பாங்க. இந்த யோசனைய 1986ல ராப்பபோர்ட்னு ஒரு சர்ஜன் எழுதுனாரு, 1991ல தென்கொரியாவுல முதல்ல செஞ்சு காட்டுனாங்க, இப்ப பல நாட்டுல நடக்குது.

எனக்கு மனசுல ஒரு குறை இருந்துச்சு, அவரோடது எனக்கு வரலையேன்னு. அவரு தழும்பையும் என் தழும்பையும் பாக்கறப்போ இப்ப அப்படித் தோணல.

காத்திருக்கறப்போ ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப உஷாரா இருங்க, ரத்தம் ஏத்தறது. உயிர் போற அவசரம்னா ஏத்தித்தான் ஆகணும், ஆனா ஹீமோகுளோபின் கொஞ்சம் கொறைஞ்சதுக்கெல்லாம் ரத்தம் ஊற வைக்கற எரித்ரோபொய்ட்டின் ஊசி, இரும்புச்சத்து ஊசின்னு சமாளிக்க முடியுமான்னு முதல்ல கேளுங்க. ஏத்தியே ஆகணும்னா வெள்ளணு நீக்குன ரத்தம் கேளுங்க, அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லதான். ஏத்துனா ட்ரான்ஸ்பிளான்ட் டீம்கிட்ட கண்டிப்பா சொல்லணும், அப்பத்தான் ரெண்டு மூணு வாரம் கழிச்சுப் புதுசா சீரம் எடுத்து ஆன்டிபாடி ஏறியிருக்கான்னு பாப்பாங்க. நான் ஒரு தடவ சொல்ல மறந்துட்டு, வந்த ஒரு பொருத்தம் கடைசி கிராஸ்மேட்ச்ல போச்சு. அந்த ஜோடிக்கும் அது போச்சு.


இரண்டாவது_கிட்னி:

டாக்டரம்மா, கோவமெல்லாம் இல்ல, நீங்க சொன்ன வரிசைதான் சரி. ஒரு சந்தேகம், ஏதோ ஒரே ஊசில ஆன்டிபாடி எல்லாம் போயிடும்னு ஒரு மருந்து வந்திருக்குன்னு சொல்றாங்களே?


நெஃப்ரோ_வாசகி:

இம்லிஃபிடேஸ். தொண்டைப் புண்ணு குடுக்கற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா கிட்டேர்ந்து எடுத்த ஒரு என்சைம், ஐஜிஜி ஆன்டிபாடிய நடுவுல வெட்டிடும், சில மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும். 2017ல வந்த ஆய்வுல 25 பேருக்குக் குடுத்து 24 பேருக்கு ட்ரான்ஸ்பிளான்ட் பண்ண முடிஞ்சுது. 2020ல ஐரோப்பாவுல நிபந்தனையோட அனுமதி கெடச்சது, அங்க கிராஸ்மேட்ச் பாசிட்டிவா இருக்கற, வேற வழியில கிட்னி கெடைக்க வாய்ப்பே இல்லாதவங்களுக்கு, இறந்தவங்க கிட்னி வர்றப்போ. ஆனா ஆன்டிபாடி செய்ற செல் எலும்பு மஜ்ஜைல அப்படியே உக்காந்திருக்கு, அத இந்த மருந்து தொடறதில்ல, அதனால ஒண்ணு ரெண்டு வாரத்துல ஆன்டிபாடி திரும்ப வரும், அந்த நேரத்துலதான் ரிஜெக்ஷன் பயம். வாசலத் திறந்து விடும், அதுக்கப்புறம் காவல் நம்மதான் இருக்கணும். 78 சதவீதத்துல இருக்கறவங்களுக்கு இது வரைக்கும் போக வேண்டிய அவசியம் வராதுன்னுதான் நெனைக்கறேன். 99.9ல இருக்கறவங்களுக்கு ஆயிரத்துல ஒருத்தர்தான் சேருவாங்க, இது அவங்களுக்கான கதவு.

நீலவானம் சார், டாக்டர பாக்கப் போறப்போ இந்த மூணையும் பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, கூட்டத்துல மறந்துடும். மனைவியோட எல்லா ஆன்டிபாடி பட்டியலும் வேணும், உங்களுக்கு எதிரா இருக்கற ரெண்டு மட்டும் போதாது. இதுவரைக்கும் எடுத்ததுல உச்ச அளவு எது, எப்ப. அப்புறம் தங்கச்சி டைப்பிங் வர்ற வரைக்கும் காத்திருக்காம ஜோடி மாத்துற பட்டியல்லயும் இப்பவே சேர முடியுமா.


நீலவானம்:

எழுதி பாக்கெட்ல வச்சிக்கிட்டேன் டாக்டரம்மா.

நேத்து தங்கச்சிய கூப்பிட்டு தனியா உக்காந்து பேசுனேன். வேணாம்னாலும் யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம், வேணும்னா நானே "பொருந்தல"ன்னு வெளிய சொல்லிக்கறேன்னு சொன்னேன். "14 மாசமா கேப்பீங்கன்னு காத்துட்டு இருக்கேன் மாமா"ன்னா. அவ வீட்டுக்காரரையும் பாத்துப் பேசிட்டேன், அவருக்கும் சம்மதம்.

என் மனைவிதான் முதல்ல தயங்குனா. அப்புறம் ரிப்போர்ட்ட கைல வாங்கி ஏ24ங்கற எடத்துல வெரல வச்சு, "இது பெரியவனோடதா சின்னவளோடதா?"ன்னு கேட்டா. பசங்களுக்கு டெஸ்ட் எடுக்காம எப்படித் தெரியும்னேன். "ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்"னு சொல்லிட்டு மடிச்சு ஃபைல்ல வச்சிட்டா.

திங்கக்கிழமை தங்கச்சி ரத்தம் குடுக்கப் போறா, அன்னிக்கே ஜோடி மாத்துற ஃபார்ம நானும் நெரப்பறேன். டைப்பிங் வந்ததும் இங்கயே போடறேன், லேப்_மேசை தம்பி ஒரு தடவ பாத்துச் சொல்லணும்.